எலியேசர் சார் வீட்டுக்கு வந்த அலை

கீழ்க்கட்டளை ஏரிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் எது சரியில்லை என்றாலும் எலியேசர் சாரிடம்தான் போவோம். அவர் எதையும் சரி செய்ய மாட்டார்; மனு எழுதுவார். துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கடிதப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் ஓய்வு பெற்றாரே தவிர கை ஓய்வு பெறவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதுவார். எரிய ஆரம்பித்தால், பகலிலும் எரிகிறது என்று எழுதுவார். 'தங்கள் மேலான கவனத்திற்கு' என்று அவர் தொடங்கினால், அதை வாங்கிப் படிக்கிற கிளார்க்குக்கே நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

அவர் எழுதிய மனுக்களில் பெரும்பாலானவை போன இடம் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் முழு வெற்றி. பாவம், அந்த வெற்றிதான் அவரைப் படுத்திவிட்டது.

தெருவின் நடுவில் சௌகத் அலி பாயின் வீடு. கீழே ஹார்டுவேர் கடை, மேலே குடித்தனம், மொட்டை மாடியில் செல்போன் டவர். அந்த டவர் வந்த நாளிலிருந்து எலியேசர் சாருக்குத் தலைவலி. எதிர்வீட்டு வைத்தீஸ்வரன் வீட்டுத் தென்னை காய்ப்பதை நிறுத்தியதும் அதனால்தான் என்றார். அந்தத் தென்னை நட்ட நாளாகவே காய்த்ததில்லை என்பது வைத்தீஸ்வரனுக்குத் தெரியும். ஆனால் மரத்துக்காக ஒருவர் இவ்வளவு வருத்தப்படும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லையே என்று இருந்துவிட்டார்.

'கண்ணுக்குத் தெரியாத அலைகளின் நடுவே கருகிக்கொண்டிருக்கும் எங்கள் தெரு' என்று ஆரம்பித்தது மனு. தெருவே கையெழுத்துப் போட்டது. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள். அலை ஒன்றும் அவர்கள் கண்ணிலும் படவில்லை. ஆனால் டவர்க்காரர்கள் ஏதோ ஓர் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தது பட்டது. ஒரு நாள் லாரி வந்து டவரைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் சார் எழுந்து நின்று, இது கர்த்தர் செய்தது என்று சாட்சி சொன்னார்.

அந்த டவர் வாடகையை நம்பித்தான் பாய் மாடியில் இன்னொரு அறை எழுப்பியிருந்தார். ஆனாலும் வழியில் சாரைப் பார்த்தபோது சலாம் வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், எனக்கு எதிரா எழுதினதுதான். இருந்தாலும் சொல்றேன், படிக்க ரொம்ப நல்லா இருந்துச்சு."

"கடமை பாய், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் எலியேசர் சார். உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். அவர் எழுத்தை முழுதாகப் படித்துப் பாராட்டிய முதல் ஆள் பாய்தான்.

டவர் போனதும் தெருவில் சிக்னலும் போனது. ஏரிப் பக்கம் பள்ளம். சுற்றிலும் புதுப் புது அடுக்குமாடிகள். தூரத்து டவர்களின் கடைசி மூச்சுதான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. சார் முதலில் அதையும் கொண்டாடினார். "பார்த்தீங்களா, எவ்வளவு அமைதி!" என்றார். தலைவலி மட்டும் போகவில்லை. உடம்பில் சேர்ந்த அலை இறங்க நாளாகும் என்று சொல்லிக்கொண்டார்.

அந்த அமைதியை அவருடைய மனைவி ஞானஜோதி அம்மாவால் கொண்டாட முடியவில்லை. வீட்டுக் கார் ஷெட்டுக்கு ஷட்டர் போட்டு, ஆளுயரக் கண்ணாடி வைத்து, 'ஜோதி பிரைடல்ஸ்' என்று கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கு வெள்ளை கவுன் தைத்துக் கொடுத்துவந்தார் அவர். மணப்பெண் தலையில் வைக்கிற நெட், கையுறை, முன்னால் பூ தூவிப் போகிற குழந்தைகளின் ஃபிராக் எல்லாம் அவரிடம் கிடைக்கும். தாம்பரம், படப்பை, காட்டாங்குளத்தூர் என்று பல ஊர்களிலிருந்தும் கூப்பிடுவார்கள். ஒருமுறை நேரில் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனால், மீதியெல்லாம் போனில்தான். கல்யாணப் பெண்கள் அடிக்கடி மனம் மாறுவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு போன் வரும்.

ஷட்டருக்குள் போன் செத்துக் கிடந்தது. கூப்பிட்டவர்களுக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று ஒரு பெண் குரல் சொன்னது. "நான் தையல் மெஷின் முன்னாடியேதான் உட்கார்ந்திருக்கேன், என்னை எல்லைக்கு வெளியேங்கறா" என்று ஞானஜோதி அம்மா பொருமினார்.

சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, போனைக் கையில் கொடுத்து, கணவரை உட்கார வைத்துவிட்டார். செய்த வினை என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஸ்டூலைக் கொண்டுபோய் வைத்த விதத்திலேயே எல்லாம் இருந்தது.

இப்படித்தான் எலியேசர் சார் ஜோதி பிரைடல்ஸின் தொலைபேசி இலாகா ஆனார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்து, வருகிற போனை எடுத்துக் கேட்பார். பிறகு கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து கீழே பார்த்துக் கத்துவார்.

"ஜோதி! பல்லாவரம் பொண்ணு! இடுப்பு ரெண்டு இன்ச் பிடிக்கச் சொல்றாங்க!"

"எந்தப் பொண்ணுங்க? குண்டுப் பொண்ணா, ஒல்லிப் பொண்ணா?"

"அத எப்படிம்மா நான் கேட்கறது?"

எங்கள் தெருவில் கல்யாணமாகாத பையன்கள் இருக்கிற வீடுகளுக்கு, தாம்பரம் வட்டாரத்து மணப்பெண்கள் பலருடைய அளவு அந்த நாட்களில் மனப்பாடம். தடுக்கவும் வழியில்லை.

வினை படப்பையிலிருந்து வந்தது. அங்கே ஒரு சபையின் போதகர் வேதசிரோமணி ஐயா தம் மகள் ஜெரூஷாவின் கல்யாண கவுனுக்குச் சொல்லியிருந்தார். தைக்க எடுக்கும் முன் அவரே போன் செய்தார். அன்று காற்று வேறு. குரல் பொரிந்து பொரிந்து வந்தது.

உண்மையில் அவர் சொன்னது, "ஸ்லீவ்லெஸ் வேண்டாம் பிரதர்" என்று. மாடிக்கு வந்து சேர்ந்தது, "ஸ்லீவ்... வேண்டாம் பிரதர்." நடுவில் இருந்த 'லெஸ்'ஸைக் காற்று கொண்டுபோய்விட்டது.

எலியேசர் சாருக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். "நிச்சயமாவா ஐயா?" என்று கேட்டார்.

"நிச்சயமா பிரதர். ஸ்லீவ்... வேண்டாம். இதுல நான் ரொம்பக் கண்டிப்பு."

போதகராக இருந்தும் எவ்வளவு விசாலமான மனது என்று நினைத்தபடி சார் கைப்பிடிச் சுவருக்கு வந்தார். "ஜோதி! படப்பைக்கு ஸ்லீவ் வேணாமாம்!"

கீழே மெஷின் நின்றது. "நல்லாக் கேட்டீங்களா? போதகர் வீடுங்க!"

"ரெண்டு தடவ சொல்லிட்டார்ம்மா. கண்டிப்பா சொல்றார். காலம் மாறிப்போச்சு!"

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை குடும்பமாக வந்து இறங்கினார்கள். ஜெரூஷா உள்ளே போய் கவுனை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தோளிலிருந்து விரல் வரை இரண்டு கைகளும் சும்மா இருந்தன. வேதசிரோமணி ஐயா கண்களை மூடிக்கொண்டார். ஜெபிக்கிறார் என்று எலியேசர் சார் நினைத்து, தானும் தலையைக் குனிந்தார். கண்ணைத் திறந்த ஐயா ஜெபத்தில் வராத குரலில் கேட்டார்: "பிரதர், நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"நீங்க சொன்னதைத்தான் ஐயா..."

"ஸ்லீவ்லெஸ் வேண்டாம்னு சொன்னேன்!"

ஞானஜோதி அம்மா யாரையும் பார்க்கவில்லை. கத்திரிக்கோலை எடுத்தார். கவுனின் பின்னால் தரையில் இழுபடுகிற நீளத் துணியைப் பாதியோடு வெட்டி, அதில் இரண்டு கைகள் வெட்டி, மேலே லேஸ் வைத்து மூடி, சாயங்காலம் ஆராதனைக்கு மணி அடிப்பதற்குள் முடித்துக் கொடுத்துவிட்டார். கைகளை மாட்டிப் பார்க்கும்போது ஜெரூஷா அவர் காதோடு சொன்னாள்: "ஆன்ட்டி, எனக்கு முன்னாடி இருந்ததுதான் பிடிச்சிருந்துச்சு. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

அந்த ஒரு சொல்தான் ஞானஜோதி அம்மாவுக்கு ஆறுதல். அதைக் கணவரிடம் அவர் சொல்லவில்லை. கணவரிடம் எதையுமே சொல்லவில்லை. சாப்பாடு வைத்தார், மாத்திரை எடுத்துக் கொடுத்தார், பேசவில்லை. மாடியில் ஸ்டூல் காலியாக இருந்தது.

ஷட்டருக்கு ஆணி வாங்க சௌகத் அலி பாயின் கடைக்குப் போனபோதுதான் ஞானஜோதி அம்மா அந்த அதிசயத்தைப் பார்த்தார். கடையின் உள்கோடியில், நாலு பக்கமும் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கிய இடத்தில், பாய் உட்கார்ந்தபடியே போன் பேசிக்கொண்டிருந்தார். கத்தவில்லை. வாசலுக்கு ஓடவில்லை. "ஹலோ, கேக்குதா? ஹலோ" என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

"பாய், உங்களுக்கு மட்டும் எப்படி எடுக்குது?"

பாய் கொஞ்சம் வெட்கப்பட்டமாதிரி சிரித்துவிட்டு மாடியைக் காட்டினார். "ஃபராவக் கேளுங்கம்மா. அது அவ டிபார்ட்மெண்ட்."

டவர் வாடகையை நம்பிக் கட்டிய அறை வெறுமனே கிடந்தபோது, பாயின் மகள் ஃபரா அதில் பிராட்பேண்ட் ஏஜென்சி எடுத்திருந்தாள். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பெண். சிக்னல் இல்லாத தெருவில் கேபிள் விற்பதைவிடச் சுலபமான வியாபாரம் உண்டா? ஒரு வீடு வாங்கியதும் பக்கத்து வீடு வாங்கியது. பின்தெரு வாங்கியது. வைத்தீஸ்வரன் எப்போதோ வாங்கியிருந்தார். எலியேசர் சாரிடம் சொன்னால் மனு எழுதிவிடுவாரோ என்று பயந்து, எல்லோருமே வெளியே வந்தால் சிக்னல் இல்லாதவர்கள்போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஞானஜோதி அம்மாவை உட்கார வைத்து ஃபரா கேட்டாள்: "ஆன்ட்டி, உங்க வீட்ல நெட் இருக்கா?"

"நிறைய இருக்கேம்மா. லேஸ் வச்சதா, முத்து வச்சதா? யாருக்குக் கல்யாணம்?"

ஃபரா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. பிறகு விளக்கினாள். "இது வாட்ஸ்அப் கால் இல்ல ஆன்ட்டி. உங்க நம்பர் அதேதான். கூப்பிடறவங்க எப்பவும்போல கூப்பிடலாம், அவங்க எதையும் மாத்த வேணாம். டவருக்குப் போற கால், வீட்டு வைஃபை வழியா கேபிள்ல போயிடும். போன் செட்டிங்ல 'வைஃபை காலிங்'னு ஒரு பட்டன் இருக்கும். அத ஆன் பண்ணா போதும்."

"ஸ்லீவ்லெஸ்னு சொன்னா ஸ்லீவ்லெஸ்னே கேக்குமா?"

"பக்கத்துல உட்கார்ந்து சொன்ன மாதிரி கேக்கும்."

"நாளைக்கே வந்து போட்டுடும்மா" என்றார் ஞானஜோதி அம்மா. பணம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் ஃபரா கேபிளோடு வந்து நின்றபோது எலியேசர் சார் ஈஸிசேரிலிருந்து எழுந்தார். வீட்டுக்குள் அலை! ஆனால் பல நாளாகப் பேசாத மனைவி ஒரு வார்த்தை பேசினார்: "போடட்டும்." அதன் பிறகு அவர் எதிர்க்கவில்லை. நிபந்தனைகள் மட்டும் சொன்னார். படுக்கையறை கூடாது. வேதாகம அலமாரிக்குப் பக்கத்தில் கூடாது. சாப்பாட்டு மேஜைக்கு மேலே கூடாது. ஃபரா போனை வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தாள். தையல் அறைக்கும் கூடத்துக்கும் சேர்த்து நன்றாக எடுக்கிற இடம் ஒன்றுதான் மிஞ்சியது. ஈஸிசேருக்கு நேர் மேலே, சுவரில்.

"அங்கிள், சேரை வேணா நகர்த்திக்கலாமே?"

"இந்தச் சேர் இங்கதான்மா இருக்கும்" என்றார் சார். கொள்கைக்காரர்.

அங்கே மாட்டிய ரூட்டர் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது. சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார். "இதுல அலை இருக்கா, இல்லையா?"

"வெளிய கேபிள்தான் அங்கிள். வீட்டுக்குள்ள மட்டும் கொஞ்சம் அலை."

அவர் யோசித்தார். மாலைக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அடுத்த நாள் வைத்தீஸ்வரனிடம் சொன்னார்: "டவர்ல வர்றது ஊர் அலை, சார். அது யாரு, எவருன்னு பார்க்காது. இது வீட்டு அலை. நம்ம குடும்பத்துக்குக் கட்டுப்பட்டது." வைத்தீஸ்வரன் ஆமாம் என்றார், அவர் வீட்டிலும் அடக்க ஒடுக்கமாக ஒன்று இருந்ததே.

முதலில் வந்த போன் படப்பையிலிருந்து. வேதசிரோமணி ஐயாதான். கல்யாணம் நல்லபடி முடிந்தது, கவுனின் கையைப் பார்த்துவிட்டு அவர் சபையில் இன்னொரு குடும்பமும் அதே மாதிரி கேட்கிறது என்றார். அவர் எச்சில் விழுங்குகிற சத்தம்கூட எலியேசர் சாருக்குக் கேட்டது. சார் காகிதத்தை எடுத்துக்கொண்டார். "ஸ்லீவ் உண்டு. திருப்பிச் சொல்றேன் ஐயா, ஸ்லீவ் உண்டு. முழங்கை வரையிலா, மணிக்கட்டு வரையிலா?"

அன்றிலிருந்து அவரை யாரும் மாடிக்கு அனுப்பவில்லை. தையல் அறையில் கவுன்கள் அதுபாட்டுக்கு வளர்ந்தன. அவர் ஈஸிசேரில் சாய்ந்தபடி, தலைக்கு மேல் பச்சை விளக்கு எரிய, "ஜோதி பிரைடல்ஸ், வணக்கம்" என்றார். கம்பெனியில் கப்பல்களுக்கு எழுதியமாதிரி ஒவ்வொரு அளவையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்தார். மணப்பெண்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. கரண்ட் போனால் பெட்டியும் போய்விடும் என்று தெரிந்ததும், ரூட்டருக்கென்றே ஒரு குட்டி யு.பி.எஸ். வாங்கி வைத்தது அவர்தான். மனைவி கேட்கவே இல்லை. தலைவலி எப்போது நின்றது என்று அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரே ஒரு குறை. பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டினால் போன் கால் பட்டென்று அறுந்துவிடும். வீட்டு அலை வீட்டோடு நின்றுவிட்டது.

இப்படி எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது வேறொரு டவர் கம்பெனி தெருவுக்கு வந்தது. இந்த முறை அவர்கள் கேட்டது வைத்தீஸ்வரன் வீட்டு மொட்டை மாடியை. விஷயம் பரவிய அன்று மாலையே சௌகத் அலி பாய் ஒரு டப்பா அல்வாவோடு எலியேசர் சார் வீட்டுப் படியேறினார்.

"சார், இந்த டவர் நம்ம தெருவுக்குத் தேவையா? குழந்தைங்க இருக்கற இடம். தென்னை மரம் வேற இருக்கு."

எலியேசர் சார் அவரையே பார்த்தார்.

"அன்னைக்கி எழுதினீங்களே, அந்த மாதிரி ஒண்ணு எழுதணும் சார். 'கருகிக்கொண்டிருக்கும் எங்கள் தெரு'ன்னு வருமே. நான் இன்னும் மறக்கல. மொதக் கையெழுத்து நான் போடறேன்."

எந்த எழுத்தாளனுக்கும் இதற்கு மேல் என்ன வேண்டும்? யாருக்கு எதிராக எழுதினாரோ அவரே வரி மாறாமல் சொல்லிக் கேட்கிறார். சார் பேனாவை எடுத்துவிட்டார். தையல் அறையிலிருந்து ஞானஜோதி அம்மா டேப்பைக் கழுத்தில் போட்டபடி வந்து நின்றார்.

"பாய், எனக்கு டவர் வேணும்."

"உங்களுக்குத்தான் வீட்ல லைன் நல்லா இருக்கேம்மா?"

"வீட்டுக்குள்ள இருக்கு. பொண்ணுங்க வெளிய இருந்துதானே வர்றாங்க? போன வாரம் காட்டாங்குளத்தூர்ல இருந்து வந்த குடும்பம் தெரு முனைக்கு வந்ததும் சிக்னல் போயி, மேப்பும் போயி, வழி கேட்க ஆளில்லாம சுத்திட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. நான் உள்ள போன வச்சுட்டுக் காத்துக்கிட்டே இருக்கேன். உங்க வைஃபை தெரு முனைக்கு வருமா?"

பாய் அல்வா டப்பாவை மேஜையின் நடுவுக்கு நகர்த்தினார். "ஃபரா பொழப்பு அதுலதான்மா ஓடுது" என்றார் மெதுவாக. அது உண்மை. அதைச் சொன்னதும் அல்வா டப்பா மேஜையின் நடுவில் எல்லோரையும் சங்கடப்படுத்தியது.

"ஃபரா எனக்கும் பொண்ணு மாதிரிதான் பாய். ஆனா நான் டவர் வேணும்னு எழுதிக் கொடுக்கப் போறேன்" என்றார் ஞானஜோதி அம்மா. பிறகு கணவரிடம் திரும்பினார். "நீங்கதான் எழுதித் தரணும். எனக்கு அந்தத் தமிழ் வராது."

எலியேசர் சார் அன்று இரண்டு மனு எழுதினார். ஒன்று டவர் கூடாது என்று, பாய்க்காக. இன்னொன்று டவர் வேண்டும் என்று, மனைவிக்காக. எதிலும் குறை வைக்கவில்லை. முதலாவதில் கண்ணுக்குத் தெரியாத அலைகளில் தெரு கருகியது. இரண்டாவதில் 'மணக்கோலம் காண வந்த கன்னியர் வழி தெரியாது கலங்கி நிற்கும் அவலம்' இருந்தது. பாய் முதலாவதைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாவதையும் வாங்கிப் படித்தார். முதல் வரிக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை படித்துவிட்டு, "சார், இது அதவிட நல்லா இருக்கே" என்றார்.

"கன்னியர்னு போட்டது சரியா வந்திருக்கில்ல?" என்று கேட்டார் சார்.

தெருவில் பலபேர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்கள். சாரின் மனது கோணக் கூடாதே. அவர் தாமும் இரண்டிலும் போட்டிருந்தார்; ஆனால் எதிர்ப்பு மனுவில் கொஞ்சம் தள்ளி, கீழே.

மேலிடத்தில் எதைப் படித்தார்கள், எதைப் படிக்கவில்லை என்று தெரியாது. டவருக்கு அனுமதி வந்துவிட்டது. எந்தக் காகிதமும் இந்த முறை விடுபடவில்லை. சௌகத் அலி பாய் சில நாள் வாடிய முகத்தோடு இருந்தார். ஆனால் ஃபராவின் கேபிளை ஒரு வீடும் அறுக்கவில்லை. டி.வி. அதில்தான் ஓடியது, பிள்ளைகளின் பாடம் அதில்தான் வந்தது. போதாததற்கு, டவர்க்காரர்களே தங்கள் வேலை முடியும்வரை மாடியில் ஒரு கனெக்‌ஷன் வேண்டுமென்று அவளிடம் வந்து கேட்டார்கள். பாய் ஒரு நாள் சாரிடம் வந்து, மூத்த மகளின் மாப்பிள்ளை கடைக்கு முன்னால் குப்பைத் தொட்டி வைத்துவிட்டார்கள், ஒரு மனு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் பழைய மனக்கசப்பு ஒன்றும் தெரியவில்லை.

வைத்தீஸ்வரன் வீட்டு மாடிக்கு இரும்புக் கம்பங்களைத் தூக்க கிரேன் வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. தென்னையின் ஓலை இரண்டு உரசி ஒடிந்தது. ஞானஜோதி அம்மா ஷட்டரை ஏற்றிவிட்டு, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு வேடிக்கை பார்த்தார். எலியேசர் சார் மட்டும் வெளியே வரவில்லை. செங்கல்பட்டிலிருந்து ஒரு பெண் லைனில் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முன் வருகிற அட்வெந்து வாரங்களில் சபையில் கல்யாணம் வைக்க மாட்டார்கள்; அதற்கு முன்னாலா பின்னாலா என்று அவள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. கவுன் மட்டும் முடிவாகிவிட்டது.

"தோள் அளவு சொல்லுங்கம்மா" என்றார் சார். "அவசரமில்ல. நிதானமா சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன்."